பச்சை குத்துமுன் மருதோன்றி

அம்மம்மாவின் கையில் குறத்தி குத்திய பச்சைப் புள்ளிகள் இருந்தன. எனக்கும் அந்த ஆசை வந்தது. 1990இல் காணாமலாக்கப்பட்ட அண்ணாவின் பெயரைக் கையில் குத்த நினைத்தேன்.

முதலில் மருதோன்றியால் எழுதிப் பார்த்தேன். பஸ்ஸிலும் சந்தையிலும் “இது ஆர்?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த நாளை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு கிழமையில் மருதோன்றி அழிந்தது. பச்சையோ தோலின் உட்படையில் தங்கிவிடும். லேசரால் அழிப்பதென்றால் பல தடவை போகவேண்டும், செலவும் கூட.

கல்லடிப் பாலத்தருகே, பூரணை இரவொன்றில் அண்ணா என்னைத் தோணியில் கூட்டிப்போனார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்கச் சொன்னார். அந்த மீனையே தெரிவுசெய்தேன், சட்டைக் கை மறைக்கும் இடத்தில். விரும்பியவர்களிடம் மட்டும் கதை சொல்வேன்.

தோழிகளே, நீங்களும் முதலில் மருதோன்றியால் வரைந்து பாருங்கள். உங்கள் கண்முன்னே புது ஊசி பிரிக்கச் சொல்லுங்கள். பழைய ஊசியால் ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளரும் உடம்பென்றாலோ, நீரிழிவு இருந்தாலோ வைத்தியரைக் கேளுங்கள். அவசரம் வேண்டாம். உடம்பு நம்முடையது, அதில் எழுதுவதை நாமே ஆறுதலாகத் தீர்மானிப்போம்.