கருத்துப்படத்தில் கைவரைவும் எண்மிய வரைவும்: மூலம் என்னும் சான்று

முன்னுரை

பாரதியின் 'இந்தியா' வார இதழ் (1906–1910) தமிழில் அரசியல் கருத்துப்படத்திற்கு நிலையான இடத்தை அளித்தது. அப்படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் நூலாக்கினார். அத்தொகுப்புக்கு ஆதாரம் அச்சான இதழ்ப் பக்கங்களே. ஓவியரின் மூலத்தாள்கள் அல்ல. கைவரைவு, எண்மிய வரைவு என்னும் ஒப்பீட்டை அழகியலோடு நிறுத்தாமல், ஆய்வாளருக்கு எஞ்சும் சான்று எது என்னும் நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

கையும் பிளாக்கும்

கைவரைவு என்பது கை மட்டும் செய்த வேலையன்று. இந்திய மையால் தடித்த தாளில், அச்சளவைவிடப் பெரிதாகப் படம் வரையப்பட்டது. அதனை ஒளிப்படமெடுத்துச் சுருக்கித் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து 'பிளாக்' செய்தனர். மிக மெல்லிய கோடு அரிப்பில் அறுந்துபோகும். நெருங்கிய கோடுகளுக்கிடையே மை அடைத்துக்கொள்ளும். ஆகவே மாலி, கோபுலு ஆகியோர் காலத்துக் கோட்டுச் சிக்கனத்தை அவர்தம் மேதைமையாக மட்டும் காண்பது குறையுடைய பார்வை. பிளாக் விதித்த கட்டுப்பாட்டிற்கும் அதில் பங்குண்டு. பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த பின்னர் கோபுலு இடக்கையால் வரையப் பழகினார். நடை என்பது மணிக்கட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

மூலத்தாளில் பென்சில் கோடு, வெள்ளைப் பூச்சால் மறைத்த பிழை, ஒட்டித் திருத்திய முகம், ஓரத்தில் அளவுக்குறிப்பு ஆகியன தங்கும். கட்டுரையாளரின் ஊராகிய பொதட்டூர்பேட்டையில், துணியின் கரையையும் மறுபுறத்தையும் பார்த்தே கைத்தறியா விசைத்தறியா எனச் சொல்லும் நெசவாளர் உண்டு. படத்தின் மறுபுறம் மூலத்தாளே.

எண்மிய வரைவு

இங்கும் வரைவது கையே. பலகையில் ஸ்டைலஸ் தரும் அழுத்தத்திற்கேற்பக் கோடு தடிக்கிறது, மெலிகிறது. வேறுபாடு இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது, கோட்டைச் சீராக்கும் வசதி கையின் நடுக்கத்தை நீக்கிவிடுகிறது. பல ஓவியர்களின் கோடுகள் இன்று ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இதுவும் காரணம் என்பது கட்டுரையாளரின் கருத்து. இரண்டாவது, 'அன்டூ' கட்டளை பிழையைத் தடமின்றி அழிக்கிறது.

எனினும் எண்மிய வரைவு தடமற்றது என்னும் பொதுக்கூற்று பிழையானது. போட்டோஷாப் கோப்பு, அடுக்குகளைத் தனித்தனியே காத்து வைக்கும். புரோகிரியேட் செயலியோ வரைவின் போக்கையே காணொளியாகப் பதிவுசெய்யும். எந்த மூலத்தாளும் இவ்வளவு சொல்லாது. ஆனால் வெளியீட்டிற்கு அடுக்குகள் ஒன்றாக்கப்பட்ட ஜேபெக் கோப்பே செல்கிறது; அதுவே ஆவணமாகவும் எஞ்சுகிறது. குறை கருவியினுடையதன்று, சேமிக்கும் வழக்கத்தினுடையது.

இரு தடைகள்

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வெளியான கேலிச்சித்திரத்திற்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். தண்டனை ஆசிரியர் மீது விழுந்தது. இதழோ ஏற்கெனவே வாசகர் வீடுகளை அடைந்துவிட்டிருந்தது. 2025 பிப்ரவரியில், விகடன் பிளஸ் இணைய இதழில் பிரதமரைச் சித்திரித்த கருத்துப்படம் வெளியானதைத் தொடர்ந்து விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அப்படத்தை நீக்கியபின் தளத்தின் முடக்கத்தை விலக்குமாறு இடைக்கால உத்தரவிட்டது.

முதற்படத்தை நூலகத்தில் பழைய இதழைப் புரட்டி, அதன் பக்கச்சூழலோடு காணலாம். இரண்டாவதை ஆராய்பவர் திரைப்பிடிப்புகளை நாட நேரும். அவை எண்ணற்றவை, ஆனால் எது முழுமையானது, எது வெட்டப்பட்டது, எது பிறர் கைபட்டது என்பதை உறுதிசெய்ய மூலக்கோப்பு வேண்டும். அக்கோப்பு பெரும்பாலும் ஓவியரின் கணினியில் மட்டுமே இருக்கும்.