எரியாமலே மின்சாரம், எஞ்சிய சூட்டிலும் மின்சாரம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எமது வாசகர்கள் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் வாங்க டொலர் இல்லை என்பதே அன்று எங்கும் பேசப்பட்டது. வாங்கிய எரிபொருளில் எத்தனை பங்கு உண்மையில் மின்சாரமாக மாறுகின்றது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் மிகச் சிலரே. ஆனால் மின்கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி அதுவேயாகும்.

தனித்து இயங்கும் வாயுச்சுழலி ஒன்று, தான் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதத்தையே மின்சாரமாக மாற்றுகின்றது. அதாவது, நூறு ரூபாவுக்கு எரிபொருள் வாங்கினால் அறுபது ரூபாவுக்கு மேல் புகைபோக்கியினூடாக வெப்பமாக வெளியேறிவிடுகின்றது. அந்த வெப்பத்தைப் பிடித்து, நீரைக் கொதிக்கவைத்து, நீராவிச் சுழலி ஒன்றையும் இயக்கினால் அது கூட்டுவட்ட மின்னிலையம் எனப்படும். 2010இல் நிறைவு செய்யப்பட்ட எமது கெரவலப்பிட்டிய 300 மெகாவாற் நிலையம் இவ்வகையைச் சேர்ந்தது. உலகின் மிகச் சிறந்த கூட்டுவட்ட நிலையங்கள் இன்று 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. பிரான்சின் புஷேன் நகரிலுள்ள நிலையம் 2016இல் 62.22 சதவீத வினைத்திறனைப் பதிவு செய்தது.

இதற்கு மேலும் செல்ல முடியுமா? முடியும் என்று கூறும் பொறியியலாளர்கள், நெருப்புக்குப் பின்னால் அல்ல, நெருப்புக்கு முன்னால் கவனத்தைத் திருப்புமாறு கேட்கின்றனர். எரிபொருளை எரித்து வெப்பமாக்கி, வெப்பத்தை அசைவாக்கி, அசைவை மின்சாரமாக்கும் நீண்ட வழியில் இழப்பு தவிர்க்கமுடியாதது. எரிபொருட் கலமோ, எரிபொருளின் இரசாயன சக்தியை நேரடியாகவே மின்சாரமாக்குகின்றது. இதன் தத்துவத்தை வில்லியம் குரோவ் என்ற பிரித்தானியர் 1839ஆம் ஆண்டளவிலேயே செய்து காட்டிவிட்டார். பழைய விடயம்தான், ஆனால் இன்னமும் முற்றாக வசப்படாத விடயம்.

இங்கு நாம் குறிப்பிடுவது திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தையாகும். இதன் நடுவே சிர்க்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளாலான மெல்லிய படை உள்ளது. 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில், காற்றிலுள்ள ஒட்சிசன் அயன்களாக மாறி இப்படையை ஊடுருவி மறுபக்கத்திலுள்ள எரிபொருளுடன் சேர்கின்றது. அப்போது விடுபடும் இலத்திரன்கள் வெளிச்சுற்றினூடாக ஓடுவதே மின்சாரம். கலத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் கடும் சூடானவை. ஏறத்தாழ 15 சதவீத எரிபொருளும் பயன்படாமல் அவற்றுடன் வெளியேறுகின்றது. அதனை எரித்து, அந்தச் சூட்டினால் வாயுச்சுழலியைச் சுழற்றுவதே கலப்பு முறை. சுழலியின் அமுக்கி, கலத்துக்கு அமுக்கமேறிய காற்றை ஊட்டுகின்றது. அமுக்கம் கூடும்போது கலத்தின் மின்னழுத்தமும் சற்று உயர்கின்றது. ஒன்றின் கழிவு மற்றதன் உணவாகும் இந்த ஏற்பாட்டில் 70 சதவீதத்தை எட்டலாம் என்பது கணக்கு.

கணக்கு ஒன்று, களம் வேறொன்று. சீமென்ஸ் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் 220 கிலோவாற் வலுவுடைய ஏற்பாடு ஒன்றை உருவாக்கியது. அமுக்க நிலையில் இயங்கும் இவ்வகையில் உலகின் முதலாவதான அது, 2000ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் ஏர்வைன் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டு 2,900 மணித்தியாலங்கள் வரை இயங்கியது. கிடைத்த வினைத்திறன் 53 சதவீதம். இவ்வளவு சிறிய ஏற்பாட்டுக்கு இது பெரிய சாதனை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அதில் பொருத்தப்பட்ட சிறிய சுழலி இக்கலத்துக்கென வடிவமைக்கப்பட்டதல்ல. கலம் வேண்டிய காற்றின் அளவும் சுழலி வேண்டிய அளவும் ஒத்துப்போகவில்லை. நல்ல மாடு இரண்டைப் பிடித்தாலும், நடை ஒவ்வாவிட்டால் ஏர் நேராகப் போகாது. பின்னர் அந்நிறுவனம் இத்துறையிலிருந்தே விலகிக்கொண்டது.

ஆகவே வினைத்திறனை உயர்த்துவது என்பது பெரும்பாலும் இந்தப் பொருத்தத்தைச் சீர்செய்வதாகும். பொறியியலாளரல்லாத எமக்கு இதில் மிகவும் சுவையானதாகப் படுவது காற்றின் கதை. கலத்துக்கு இரசாயனத் தாக்கத்துக்காகத் தேவைப்படும் காற்று குறைவு. அதனைக் குளிர்விக்கவே பன்மடங்கு காற்று செலுத்தப்படுகின்றது. அந்தக் காற்றை அமுக்குவதற்குச் சுழலி பிறப்பிக்கும் வலுவில் பெரும்பகுதி போய்விடுகின்றது. இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். இயற்கை வாயுவிலுள்ள மெதேனை நீராவியுடன் சேர்த்து ஐதரசனாக மாற்றும் தாக்கம் வெப்பத்தை உறிஞ்சுவது. அதனைக் கலத்துக்குள்ளேயே நிகழச் செய்தால், எரிபொருளே குளிர்விக்கும் வேலையையும் செய்துவிடும், காற்றைக் குறைக்கலாம். ஆனால் நீராவி போதாவிட்டால் மின்வாயில் காபன் படியும். ஒரே இடத்தில் அளவுமீறிக் குளிர்ந்தால் பீங்கான் வெடிக்கும்.

கலத்தில் எஞ்சும் அந்த 15 சதவீதத்தையும் ஏன் மின்சாரமாக்கக்கூடாது என்று கேட்கலாம். கடைசித் துளிவரை உறிஞ்ச முயன்றால் எரிபொருள் வற்றிய இடத்தில் நிக்கல் மின்வாய் ஒட்சியேற்றமடைந்து கலமே பழுதாகிவிடும். இன்று இரண்டு சதவீதம் பெற்று, நாளை கலத்தையே மாற்ற நேருவது இலாபமாகாது.

கட்டுப்பாடும் எளிதல்ல. சுழலி சில வினாடிகளில் வேகம் மாறும். பீங்கானோ மெல்ல மெல்லவே சூடேற வேண்டும். அமுக்கிக்கும் சுழலிக்கும் இடையே கலம் என்ற பெரிய வெற்றிடம் இருப்பதால், திடீரெனச் சுமை மாறினால் காற்று பின்னோக்கிப் பாய்ந்து அமுக்கியையும் கலத்தையும் சேதப்படுத்தலாம். இதனால் அமெரிக்காவின் மோர்கன்ரவுனிலுள்ள தேசிய ஆய்வுகூடம், மெய்யான சுழலி ஒன்றையும் கணினியில் இயங்கும் ‘கலம்’ ஒன்றையும் இணைத்துப் பரிசோதித்து வந்துள்ளது. பிழை நேர்ந்தாலும் விலையுயர்ந்த கலம் உடையாதல்லவா!

ஜப்பானியர் பொறுமையாக முன்சென்றனர். மிற்சுபிஷி நிறுவனம் 250 கிலோவாற் வகை ஏற்பாட்டை 2015இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் இயக்கியது. 2019இல் டோக்கியோவின் மருனோச்சி கட்டடத்தில் வர்த்தக ரீதியான ஏற்பாடும் இயங்கத் தொடங்கியது. அங்கு மின்சாரத்துடன் வெந்நீரும் பயன்படுத்தப்படுகின்றது. ஆயினும் பெருமின்னிலையங்களுடன் போட்டியிடும் அளவோ விலையோ இன்னமும் இம்முறைக்கு வாய்க்கவில்லை.

எமது நாட்டைப் பொறுத்தவரை மற்றொன்றையும் கூறவேண்டும். இக்கலங்களின் பகை கந்தகம். இயற்கை வாயுவிலுள்ள சிறிதளவு கந்தகத்தைக்கூட நீக்கிய பின்னரே அதனைக் கலத்துக்குள் விடலாம். கெரவலப்பிட்டியில் பல ஆண்டுகளாக எரிக்கப்பட்டு வந்த உலை எண்ணெய் போன்றவற்றை அதற்கு ஊட்டவே முடியாது. எனவே திரவ இயற்கை வாயு இறக்குமதி பற்றிப் பேசும் அதிகாரிகள், வாயு வந்த பின்னர் அதனை எத்தனை சதவீத வினைத்திறனில் பயன்படுத்தப்போகின்றனர் என்பதையும் ஒப்பந்தங்களில் கைச்சாத்திடுவதற்கு முன்னர் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.