ஏழாம் நாளுக்குப் பின் எதற்கு இந்த மாத்திரை?

நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அன்று ஆஸ்பத்திரிகளும் சங்கங்களும் வெளியிடும் பிரசுரங்கள் யாவும், மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று வற்புறுத்தும். வலிப்பு நோயுள்ளவர்களுக்கு அது முற்றிலும் சரியான போதனையே. ஆனால் இந்தப் பகுதிக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களை எழுதியவர்களில் பலர், ஆயுளில் ஒரு முறையேனும் வலிப்புக் காணாதவர்கள். மூளையில் ரணசிகிச்சை செய்துகொண்டு, ‘வராமல் இருப்பதற்காக’ என்று கொடுக்கப்பட்ட மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கி வருபவர்கள். அந்தப் போதனை தங்களுக்கும் உரியதுதானா என்று அவர்கள் கேட்பதற்கு, அந்தத் தினம் வருமுன்பே பதில் சொல்லிவிடுவது உசிதம்.

மூளையின் மேலுறையில் வளர்ந்த கட்டியை அகற்றிக்கொண்ட தம் மனைவியின் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு வாசகர் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். நெருக்கமாக டைப் செய்யப்பட்ட அந்தக் காகிதத்தில் தையல் பிரிக்க வேண்டிய தேதி இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையை எந்த நாளில் எவ்வளவு குறைப்பது என்ற அட்டவணை இருக்கிறது. மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டிய மாதமும் இருக்கிறது. வலிப்புக்கான பெனிட்டாயின் 100 மில்லிகிராம், 1-1-1 என்ற வரிக்கு எதிரே மட்டும் ‘தொடரவும்’ என்றிருக்கிறது. எதுவரை என்பது எங்கும் இல்லை.

முன்னெச்சரிக்கை என்பது ஆஸ்பத்திரிகள் கூறும் காரணம். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன், இந்த மருந்து எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்க இயலாதிருக்கிறது என்பதைப் பிரித்தறிவது அவசியம். ஏனெனில் மண்டையோட்டைத் திறந்து செய்யும் சிகிச்சைக்குப் பிறகு வரக்கூடிய வலிப்புகள் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. முதல் ஏழு நாட்களுக்குள் வருவன ஒரு வகை. அதற்குப் பின், மாதங்களோ வருஷங்களோ கழித்து வருவன வேறொரு வகை.

முதல் வாரத்து வலிப்புக்குக் காரணம், கத்தி பட்ட இடத்தின் அப்போதைய கலவரம். கசிந்த ரத்தம், வீக்கம், ரத்தத்தில் சோடியம் இறங்குதல் ஆகியவற்றால் எரிச்சலடைந்த நரம்பணுக்கள் தறிகெட்ட வேகத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. பெனிட்டாயினின் சாமர்த்தியம் இங்கேதான் வெளிப்படுகிறது. நரம்பணுவின் சுவரிலுள்ள சோடிய வாயில்கள் ஒவ்வொரு துடிப்பின் போதும் திறந்து, மூடி, சற்றே ஓய்ந்து, மறு துடிப்புக்கு ஆயத்தமாகின்றன. இந்த மருந்து அந்த ஓய்வு நிலையிலுள்ள வாயில்களைப் பற்றிக்கொண்டு, அவை மீளும் நேரத்தை நீட்டிவிடுகிறது. ஆகவே எந்த அணு அளவுக்கு மீறி வேகமாகத் துடிக்கிறதோ அதுவே அதிகமாக அடக்கப்படுகிறது. நிதானமாகத் தன் தொழிலைச் செய்யும் அணு பெரும்பாலும் தொந்தரவின்றி விடப்படுகிறது. தூக்கத்தில் ஆழ்த்தாமலே வலிப்பை அடக்கும் ஔஷதமாக 1938-ல் மெரிட், பட்னம் என்ற வைத்தியர்கள் இதை உலகுக்கு அறிவித்தபோது உண்டான பெருமதிப்பு நியாயமானதே.

பிந்தி வரும் வலிப்பின் பிறப்போ வேறு விதமானது. காயம் ஆறுகிறபோது, சிதைந்த ரத்தத்திலிருந்து வெளிப்பட்ட இரும்பு திசுவில் தங்கி அணுக்களின் சுவரைக் கெடுக்கிறது; விலங்குகளின் மூளைப் புறணியில் இரும்பு உப்பைச் செலுத்தியபின் அவ்விடம் வலிப்பின் ஊற்றாக மாறுவதை 1978-ல் வெளியான பரிசோதனைகள் காட்டின. வடு திசு படர்கிறது. நரம்பணுக்களைச் சூழ்ந்த உதவி அணுக்கள் பொட்டாசியத்தையும் குளுட்டமேட்டையும் அப்புறப்படுத்தும் திறனை இழக்கின்றன. அறுபட்ட நரம்பிழைகள் புதிதாகக் கிளைவிட்டு, இணையக் கூடாத இடங்களில் இணைகின்றன. சோடிய வாயிலைப் பற்றும் ஒரு மருந்துக்கு இந்த வேலைகளில் எதையும் நிறுத்தும் ஆற்றல் இல்லை. வலிப்பை அடக்குவது வேறு, வலிப்பு நோய் உருவாவதைத் தடுப்பது வேறு. முதற்காரியத்துக்கு மருந்துகள் பல உண்டு, இரண்டாவதைச் செய்வதாக மனிதரிடம் நிரூபணமான மருந்து இன்றளவும் ஒன்றுமில்லை.

இது வெறும் தர்க்கமன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நான்சி டெம்கின் குழுவினர், கடுமையான தலைக்காயம் அடைந்த 404 பேரைப் பிரித்து, சிலருக்குப் பெனிட்டாயினும் சிலருக்கு வெற்று மாத்திரையும் ஒரு வருஷ காலம் கொடுத்து, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் வலிப்புக் கண்டவர்கள் மருந்து உண்டவர்களில் 3.6 சதவிகிதம், வெற்று மாத்திரை உண்டவர்களில் 14.2 சதவிகிதம். எட்டாம் நாள் முதல் வருஷ முடிவு வரையிலோ, மருந்து உண்டவர்களில் 21.5 சதவிகிதம், உண்ணாதவர்களில் 15.7 சதவிகிதம், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது, ஆனால் மருந்தால் பயன் இருந்தது என்று சொல்ல அதில் யாதொரு இடமும் இல்லை. அதே நோயாளிகளின் ஞாபகசக்தியையும் கவனத்தையும் சோதித்தபோது, கடுமையாகக் காயமடைந்தவர்களில் பெனிட்டாயின் உண்டவர்கள் முதல் மாதத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்பது என் மனத்தை மிகவும் உறுத்தும் செய்தி. அடிபட்ட மூளை தன்னைத் தேற்றிக்கொள்ளும் காலத்தில், பயன் இல்லாத ஒன்றுக்காக அது மேலும் மந்தப்படுத்தப்பட்டிருக்கிறது.

அது தலைக்காயம், இது கட்டி என்று ஆட்சேபிக்கலாம். ஆஸ்திரேலியாவில் 1983-ல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சைக்குப் பிந்திய முதற்சில வாரங்களில் பெனிட்டாயினால் ஓரளவு பயன் இருப்பதாகக் கண்டதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கிலாந்தில் 1992-ல் வெளியான ஆய்வில், இத்தகைய மருந்தை உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க பேதம் தென்படவில்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000-ல், வலிப்பே காணாத கட்டி நோயாளிகளுக்குச் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் கழிந்ததும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது பொருத்தம் என்று எழுதியது. 2021-ல் புதுப்பிக்கப்பட்ட நெறிகளோ, அந்த ஒரு வாரத்துக்குக்கூடப் போதிய ஆதாரம் இல்லை என்கின்றன. இருந்தும் ‘தொடரவும்’ என்ற வரி ஆஸ்பத்திரியை விட்டு நோயாளியுடன் வீட்டுக்கு வருகிறது. ரணசிகிச்சை நிபுணரின் அச்சம் எனக்குப் புரியாததன்று; அன்றிரவே ஒரு வலிப்பு வந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும், ரத்தம் கசியும், செய்த வேலை பாழாகும். ஆனால் அது முதல் வாரத்து அச்சம். அதைக் காட்டி மூன்றாம் வருஷத்து மாத்திரையை நியாயப்படுத்துவதற்கில்லை.

நீடித்து உண்பதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள், கல்லீரல் இந்த மருந்தை அப்புறப்படுத்தும் விதத்தை அறிய வேண்டும். பெரும்பாலான மருந்துகளில் அளவு கூடக் கூட வெளியேற்றமும் கூடும். பெனிட்டாயினை முறிக்கும் நொதிகளுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. வடிகால் நிரம்பிய தொட்டியில் மேலும் ஒரு குடம் ஊற்றியது போல, அந்த எல்லையை நெருங்கியவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் ரத்தத்தில் அதன் அளவு இரு மடங்காவதும் உண்டு. மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அதைத் தாண்டும்போது கண்மணிகள் பக்கவாட்டில் துடிக்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். இவற்றை ஆபரேஷனின் விளைவாகவே குடும்பத்தார் எண்ணிவிடுவது எளிது. ஈறு தடிப்பது நாட்பட்ட உபத்திரவம்.

மற்றக் கேள்விகளுக்கு இனிச் சுருக்கமாக.

சிகிச்சைக்கு முன்னோ பின்னோ ஒரு முறையேனும் வலிப்பு வந்திருந்தால்? மேலே சொன்னது உங்களுக்கு அன்று. உங்களுக்கு அது வைத்தியம், தொடர வேண்டும்.

நானே நிறுத்திவிடலாமா? கூடாது, திடீரென்று விடுவதே வலிப்பை வரவழைக்கும், குறைக்கும் அட்டவணையை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

பெனிட்டாயினைவிட லெவிடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து மேலா? பிற மருந்துகளுடன் மோதல் குறைவு, ரத்தப் பரிசோதனைத் தொல்லையும் குறைவு. ஆனால் சிலருக்குக் கோபமும் மனச்சோர்வும் வரும், சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், பிந்திய வலிப்பு நோயைத் தடுப்பதாக இதற்கும் நிரூபணம் இல்லை.

பெனிட்டாயினோடு ஸ்டீராய்டும் கீமோ மருந்தும் உண்ணலாமா? டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டையும் சில கீமோ மருந்துகளையும் கல்லீரல் விரைவாக முறித்துவிடும்படி பெனிட்டாயின் செய்யும். புற்றுநோய் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கருத்தரிக்க எண்ணும் பெண்களுக்கு வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து ஆகுமா? சிசுவுக்குத் தீங்கு, வேறு மருந்து கேளுங்கள்.

வண்டி ஓட்டலாமா? லைசென்ஸுக்கான படிவம் 1, வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்கிறது. உண்மையை எழுத வேண்டும்.

வீட்டில் வலிப்பு வந்துவிட்டால்? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.