குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது?

கர்ப்பவாய் முழுக்கத் திறந்தும் குழந்தை இறங்கவில்லையென்றால் லேபர் வார்டில் முதலில் எழும் கேள்வி, அதன் முகம் எந்தப் பக்கம் என்பதுதான். தாயின் முதுகைப் பார்த்தபடி, மோவாய் நெஞ்சில் படிய வரும் குழந்தையின் தலை சுமார் 9.5 செ.மீ. அளவில் நுழையும். தாயின் வயிற்றைப் பார்த்து மல்லாந்து வந்தால் தலை நிமிர்ந்து, அந்த அளவு 11.5 செ.மீ. வரை போய்விடும். பிரசவத்தில் அந்த 2 செ.மீ. மிகப் பெரிய தூரம்.

திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியானாலும் சரி, வேறெந்தக் கல்லூரியானாலும் சரி, மகப்பேறு படிப்பவர்கள் இதைக் கையால்தான் முதலில் கற்கிறார்கள். மண்டையோட்டின் இணைப்புக் கோடுகளையும் உச்சிக்குழியையும் விரல்நுனியால் தடவியே முகத்தின் திசையைச் சொல்வது அபாரமான வித்தை. ஆனால் வலி நீளநீள மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். உச்சந்தலை வீங்கி அந்தக் கோடுகளை மறைத்துவிடும். கையை நம்பியாக வேண்டிய நேரத்தில்தான் கை ஏமாறுகிறது. அயர்லாந்தில் முதல் பிரசவப் பெண்களிடம், ஆயுதம் போடுவதற்கு முன் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. கையால் மட்டும் பார்த்தபோது ஐந்தில் ஒன்று தவறு. ஸ்கேனும் சேர்ந்தபோது 1.6 சதவீதம்.

இதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம். வழக்கமான ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் குறுக்காக வைக்கிறார்கள். திரையில் இரண்டு கரிய வட்டங்கள் மேல்நோக்கித் தெரிந்தால், அவை குழந்தையின் கண்குழிகள்! குழந்தை மல்லாந்திருக்கிறது. அடுத்து, உறை மாட்டிய கருவியைப் பிறப்புறுப்பின் வெளியே நெடுக்காக வைத்து, முன் இடுப்பெலும்புக்கும் தலைக்கும் இடையிலான கோணத்தை அளக்கிறார்கள். அது 120 டிகிரியைத் தாண்டினால் தலை நன்றாக இறங்கிவிட்டது, சுகப்பிரசவ வாய்ப்பு அதிகம்.

அதற்காக எல்லோருக்கும் பார்க்கச் சொல்ல மாட்டேன். மல்லாந்த குழந்தைகளில் பெரும்பாலானவை வலியின் போக்கில் தாமே திரும்பிவிடும். பிறக்கும்வரை அப்படியே இருப்பவை நூற்றுக்கு ஐந்து போல. வழக்கமாகவே ஸ்கேன் பார்த்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் (2015) சிசேரியன் குறையவில்லை, கூடியது. சந்தேகம் வரும்போதும், ஆயுதம் போடுவதற்கு முன்பும் பார்ப்பதே சரி. சர்வதேச மகப்பேறு ஸ்கேன் சங்கத்தின் 2018 வழிகாட்டியும் இந்த இடங்களைத்தான் முன்னிறுத்துகிறது.

பெண்சிசுவைக் காக்க வந்த 1994 சட்டப்படி, சித்தூரிலோ திருப்பதியிலோ லேபர் வார்டில் வைக்கும் ஸ்கேன் மெஷினும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பார்க்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்ப வேண்டும். சட்டம் அவசியமானது. அந்தக் காகித வேலையை மருத்துவமனைகள் முன்கூட்டியே முடித்து, மெஷினைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஆயுதம் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், தலை எந்தப் பக்கம் என்று ஸ்கேனில் பார்த்தாயிற்றா என மரியாதையாகக் கேளுங்கள்.