இடுப்பு எலும்பு முறிவு: அந்த ஒன்பது நாள் எங்கே போச்சு?

இன்னைக்கு நம்ம வீட்டுப் பெரியவங்க சம்பந்தப்பட்ட விஷயம். பாத்ரூமில் வழுக்கியோ, வாசப்படி தடுக்கியோ விழுறாங்க, எழுந்திரிக்க முடியல. "இடுப்பு ஒடஞ்சு போச்சு"ன்னு ஊர்ல சொல்வோம். உண்மையில் உடையறது தொடை எலும்போட மேல்முனை, இடுப்புக் கிண்ணத்துக்குள்ள பொருந்துற பகுதி.

அடுத்த சில மாசத்துல அவங்க இறந்துட்டா, "வயசாயிடுச்சு, அதுவும் விழுந்துட்டாங்க"ன்னு முடிச்சிடறோம். ஆனா பெரும்பாலும் உயிரை எடுக்கறது உடைஞ்ச எலும்பு இல்ல. அதுக்கப்புறம் படுத்தே கிடக்கற நாட்கள்தான்.

படுக்கை என்ன செய்யும்?

வலியில் அசையாம மல்லாந்து படுத்திருந்தா நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். கால் நரம்பில் ரத்தம் உறையலாம். முதுகுக்குக் கீழ படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, நேரம் காலம் தெரியாத குழப்பம், இதெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். தசையும் வேகமா கரையும்.

அதனால ஆபரேஷனோட நோக்கம் எலும்பை ஒட்ட வைக்கறது மட்டும் இல்ல. ஆளை எழுப்பி நிற்க வைக்கறது. கழுத்துப் பகுதி உடைஞ்சு விலகியிருந்தா, அங்க ரத்த ஓட்டம் குறைவு, சேர்றது கஷ்டம். அதனால பந்து மூட்டையே பெரும்பாலும் மாத்திடறாங்க. அதுக்குக் கீழ உடைஞ்சா கம்பி, ஸ்க்ரூ வெச்சு இறுக்கறாங்க. வெளிய இருந்து போடற எந்தக் கட்டும் இந்த இடத்தை அசையாம பிடிக்காது. கை முறிவுக்குக் கட்டுப் போட்டு சரியானவர் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அந்த நம்பிக்கையை இதுக்குக் கொண்டுவர முடியாது.

ஒன்பது நாள் கணக்கு

சாஃப்ட்வேரில் ஒரு பேஜ் திறக்க ஒன்பது செகண்ட் ஆச்சுன்னா, எந்தப் படியில் எவ்வளவு நேரம்னு பிரிச்சுப் பார்ப்போம். நிஜ வேலைக்கு ஆகற நேரம் பல சமயம் ரொம்பக் கம்மி. மீதியெல்லாம் கைமாறக் காத்திருக்கற நேரம்.

ராசிபுரம் பக்கத்துல எங்க அப்பத்தா விழுந்து ஒன்பதாவது நாள்தான் ஆபரேஷன் நடந்தது. அதையும் இப்படியே பிரிச்சுப் பார்த்தேன். மூணு நாள் வீட்டில், எண்ணெய்க் கட்டோட. நாலாவது நாள் எக்ஸ்ரே. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சீட்டு. சேலமா நாமக்கல்லான்னு பேசியே சாயங்காலம் ஆயிடுச்சு. ஈசிஜி, எக்கோ, சுகர், இதய டாக்டர் ஒப்புதல்னு மூணு நாள். காப்பீட்டு அட்டையில் அவங்க பேர் இல்ல, ரத்தத்துக்கு ஆள் தேடணும்னு எட்டாவது நாளும் போச்சு. ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். எந்த டாக்டரும் மெதுவா வேலை செய்யல. ஆனா மொத்த கடிகாரத்தைப் பார்க்கற ஆள்னு யாருமே இல்ல. எலும்பு சேர்ந்தப்புறமும் படுக்கைப்புண் ஆற மாசக்கணக்கா ஆச்சு.

இது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்ல. இந்தியா உட்பட 18 நாடுகளில் 31,000க்கும் மேற்பட்ட எலும்பு முறிவு நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2020ல் வெளியாச்சு. இதில் வயசானவங்க மட்டும் இல்ல, 18 வயசு நிரம்பினவங்க எல்லாரும், பல வகை முறிவும் சேர்த்தி. ஏறக்குறைய நாலில் ஒருத்தர் 24 மணி நேரத்துக்கு அப்புறம்தான் அட்மிட் ஆகியிருக்காங்க. அதிகம் பேர் சொன்ன காரணம், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொண்ணுக்கு அனுப்பறது.

எவ்வளவு வேகம் போதும்?

"ஹிப் அட்டாக்"னு ஒரு ஆய்வு, அதுவும் 2020தான். 17 நாடுகள், 2,970 நோயாளிகள். ஒரு குழுவுக்கு முறிவு உறுதியானதிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன், இன்னொண்ணுக்கு சுமார் 24 மணி நேரத்தில். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா சீக்கிரம் செஞ்சவங்களுக்குக் குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, சீக்கிரம் நடந்தாங்க.

இதைக் கேட்டு "அப்போ அவசரம் இல்ல"ன்னு நினைக்காதீங்க. அங்க மெதுவான குழுவுக்கே ஒரு நாள்தான். நாம பேசறது ஒன்பது நாள்.

இங்கிலாந்து 2007ல் இடுப்பு முறிவுக்குன்னே தேசியப் பதிவேடு ஆரம்பிச்சாங்க. 2010லிருந்து 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவர் பரிசோதனை மாதிரி விஷயங்களைச் செஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம். முதல் 30 நாளில் இறப்பு 2007ல் 10.9 சதவீதம், 2011ல் 8.5. புது மருந்து எதுவும் வரல. கடிகாரத்தை எல்லாரும் பார்க்க ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான்.

நம்மகிட்ட என்ன இருக்கு?

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதுசு இல்ல. 2021 டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்குது. பைக்கில் விழுந்த பேரனுக்கு ஒரு கடிகாரம் ஓடுது. பாத்ரூமில் விழுந்த பாட்டிக்கு அது இல்ல. அதே மாதிரி ஒண்ணு அவங்களுக்கும் வேணும்னு நான் நினைக்கறேன்.

அதுவரைக்கும் நாமதான் அந்தக் கடிகாரம்:

- விழுந்து எழ முடியல, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்குன்னா 108ஐக் கூப்பிடுங்க. தடவி விடாதீங்க, நடக்க வைக்காதீங்க.
- எங்க போறதுன்னாலும், எலும்பு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருக்காங்களான்னு முதல்லயே போன் பண்ணிக் கேளுங்க.
- சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும், முக்கியமா ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை, கையோட எடுத்துட்டுப் போங்க.
- "எதுக்காக வெயிட் பண்றோம், எப்போ முடியும்?"னு தினமும் மரியாதையா கேளுங்க.
- முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பெரியவங்க பேர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.
- ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே உட்கார, நிற்க வைக்கலாமான்னு கேளுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைங்க.
- எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து உண்டான்னு கேட்காம டிஸ்சார்ஜ் ஆகாதீங்க. ஒரு பக்கம் உடைஞ்சவங்களுக்கு இன்னொரு பக்கமும் உடைய வாய்ப்பு அதிகம்.

இந்த எபிசோடை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.