ஒரு ஜோடி செருப்பு போதும், பயமுறுத்த!

குழுப்பணிக்காக நீங்களும் நண்பர்களும் எடுத்த திகில் படத்தின் தொடக்கக் காட்சி வகுப்பறைத் திரையில் ஓடுகிறது. இருட்டு அறை. கறுப்பு முகமூடி அணிந்த உருவம். கையில் கத்தி. வீலென்று ஓர் அலறல். வகுப்பே உறைந்துபோகும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கேட்பதோ சிரிப்பொலி. "முகமூடிக்குள்ள இருக்கிறது நம்ம கிளாஸ் பையன்தானே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வேறு.

மூன்று வார உழைப்பு இரண்டு நிமிடங்களில் கரைந்துவிட்டது. தவறு எங்கே நடந்தது? கேமராவிலா, நடிப்பிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. பயம் என்பது பார்ப்பவரின் மூளை செய்யும் வேலை. 'அடுத்து என்ன நடக்கும்?' என்று ஊகித்துக்கொண்டே இருப்பது மூளையின் இயல்பு. உங்கள் படம் அதற்கு ஊகிக்க எதையும் விட்டுவைக்கவில்லை. முகமூடி, கத்தி, அலறல் என எல்லாவற்றையும் முதல் பத்து விநாடிகளிலேயே கொடுத்துவிட்டது. வேலையில்லாத மூளை, முகமூடிக்குள் இருப்பது யார் என்று பார்க்கத் தொடங்கிவிட்டது.

அந்த மூளைக்கு எப்படி வேலை கொடுப்பது? ஒரு கைப்பேசியும் பள்ளியில் நீங்கள் படிக்கும் அறிவியலும் போதும்.

திடுக்கிடல் வேறு, திகில் வேறு

உங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பலூனை உடைக்கிறார்கள். ஓசை காதை எட்டி, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு கழிவதற்குள் கண்கள் இமைக்கத் தொடங்கிவிடும். தோள்கள் உயரும். இது அனிச்சைச் செயல். மூளைத்தண்டு வழியாக நடப்பதால், நாம் யோசிப்பதற்கு முன்பே உடல் துள்ளிவிடுகிறது. திடீரென்று ஒரு பெரிய ஓசையைச் சேர்த்தால் இதைச் சுலபமாக வரவழைக்கலாம். ஆனால் வந்த வேகத்திலேயே அடங்கிவிடும்.

திகில் மெதுவாக வளர்வது. ஆபத்து வரப்போகிறது என்று மூளை எதிர்பார்க்கும்போது, அதன் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற பகுதி உடலைத் தயார்படுத்துகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. இந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு சிறிய ஓசைகூடப் பெரிய அதிர்ச்சிதான். இருட்டில் இருக்கும்போது மனிதர்களின் திடுக்கிடல் கூடுவதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இந்த வேறுபாட்டை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் மேசையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று வெடிகுண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். இப்போது அதே காட்சியில், மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பேசுபவர்களுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். அவர்களின் சாதாரணப் பேச்சு முழுவதும் நமக்குத் தவிப்பாகிவிடும்.

நம் ஊர்க் கதை ஒன்று

இந்த உத்தியை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவோம். கதை இதுதான்.

இரவு 9 மணி. துணைப்பாட வகுப்பு முடிந்து ஒரு மாணவி வீவக புளோக்கின் மின்தூக்கியிலிருந்து வெளியே வருகிறாள். தாதியாகப் பணிபுரியும் அம்மாவிடமிருந்து கைப்பேசிக்குத் தகவல் வருகிறது: 'இன்றைக்கு இரவுப் பணி. கதவைப் பூட்டிக்கொள்.' அதைப் படித்தபடியே அவள் கதவைத் திறந்து உள்ளே போகிறாள். கேமரா மட்டும் கீழே இறங்குகிறது. வாசலில் ஈரமான ஆண் செருப்பு ஒரு ஜோடி.

நம் ஊரில் செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். இதை யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை. அவள் விளக்கைப் போடுவது, தண்ணீர் குடிப்பது, பையை நாற்காலியில் வைப்பது எல்லாமே இனி பார்ப்பவரைப் பதற வைக்கும். கடைசியில், கழற்றிய காலணியை அடுக்கி வைக்க வாசலுக்கு வருகிறாள். செருப்பைப் பார்க்கிறாள். மெல்லத் திரும்புகிறாள். வீட்டுக்குள் விளக்கு அணைகிறது. படத்தின் பெயர் திரையில் தோன்றுகிறது.

கத்தி இல்லை. ரத்தம் இல்லை. வில்லன் முகமும் இல்லை. 1975ல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தின் தொடக்கக் காட்சியிலும் சுறா கண்ணில் படுவதில்லை. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகிவிட, படத்தின் பெரும்பகுதியில் அதைக் காட்டாமலேயே சமாளித்தார் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். பார்ப்பவர்களின் கற்பனையில் நீந்திய சுறா, இயந்திரச் சுறாவைவிடப் பயங்கரமாக இருந்தது.

நடிக்காமல் நடிக்கும் முகம்

செருப்பைப் பார்த்ததும் மாணவி எப்படி நடிக்க வேண்டும்? கண்களை உருட்டி, வாயைப் பொத்திக்கொண்டா? வேண்டாம். வகுப்பு சிரிப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன், லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய மூன்று காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டினார். முகம் மாறவே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் முதலில் பசியையும், அடுத்து துக்கத்தையும், பிறகு ஆசையையும் அதில் கண்டார்கள். இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, அவற்றுக்கு இடையிலான உறவை மூளை தானே உருவாக்கிக்கொள்கிறது. இதற்குக் 'குலெஷோவ் விளைவு' என்று பெயர்.

எனவே உங்கள் நடிகையிடம், "சும்மா கீழே பார், மூன்று வரை எண்ணு, பிறகு திரும்பு" என்று மட்டும் சொல்லுங்கள். பயத்தைச் செருப்பு பார்த்துக்கொள்ளும்.

இருட்டைப் படமெடுக்க வெளிச்சம் தேவை

இருட்டுக் காட்சி என்பதால் விளக்குகளை அணைத்துவிட்டு எடுப்பது, முதன்முறை படமெடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. படத்தைப் பார்த்தால் கறுப்புக்குப் பதில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும்.

காரணம் ஒளியின் இயல்பு. ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. கேமரா உணரியின் ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால், அந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சுமார் 10 கூடும், குறையும். அதாவது 10 விழுக்காடு ஏற்ற இறக்கம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100. அது வெறும் 1 விழுக்காடு. ஒளி குறையக் குறையப் புள்ளிகள் கூடுவது இதனால்தான். ஆகவே போதிய வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, படத்தொகுப்பில் இருட்டாக்குங்கள்.

தாழ்வாரக் காட்சிக்கு இயற்கையே ஒரு விளக்கு தருகிறது. சூரியன் மறைந்த பிறகும் வானம் சிறிது நேரம் நீலமாக இருக்கும். அந்த ஒளியில் எடுத்தால் இரவுபோலவே தெரியும், விவரங்களும் பதிவாகும். ஆனால் நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால் அந்த அந்தி வெளிச்சம் சுமார் 20 நிமிடங்களே நீடிக்கும். மாலை ஆறு மணிக்கே ஒத்திகையை முடித்துவிட்டுக் காத்திருங்கள். நடிகை தாமதமாக வந்தால் அன்றைய படப்பிடிப்பு போச்சு!

இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை வாங்கும் நேரம் 1/60 விநாடி என்றிருந்தால், படத்தில் கறுப்புப் பட்டைகள் நகரலாம். அதை 1/50 விநாடி என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கல்கள் அடங்கிவிடுவதால் பட்டைகள் மறைந்துவிடும்.

காதுக்கு எது அருகில்?

மங்கலான படத்தைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காற்றும் போக்குவரத்து இரைச்சலும் கலந்த ஒலியைப் பொறுக்க மாட்டார்கள்.

ஒலியின் செறிவு, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிவாங்கியை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தொலைவு எட்டில் ஒரு பங்காகிறது. நேராக வந்து சேரும் ஒலியின் செறிவோ 64 மடங்காகிறது. எனவே இரண்டாவது கைப்பேசி ஒன்றை நடிகையின் பையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால், அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திவிடலாம்.

ஈரச் செருப்பின் ஓசை வேண்டுமா? ரப்பர் செருப்பை நனைத்து, குளியலறைத் தரையில் மெதுவாக அழுத்தி எடுங்கள். எலும்பு முறியும் ஓசைக்குச் செலரித் தண்டை முறிப்பது சினிமாக்காரர்களின் பழைய தந்திரம். யாரும் பேசாமல் அந்த வீட்டின் 'அமைதி'யையும் 30 விநாடி பதிவு செய்யுங்கள். குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரமும் தூரத்து வாகன ஒலியும் சேர்ந்ததுதான் வீட்டின் அமைதி. அது இல்லாமல் ஒலியை முற்றிலும் நிறுத்தினால், ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார்.

ஒரு கவனம். தாழ்வாரத்தில் படமெடுக்கும் முன் அண்டைவீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களின் முகமோ வீட்டு எண்ணோ பதிவாக வேண்டாம். பொம்மைக் கத்தி, பொம்மைத் துப்பாக்கி எதையும் பொது இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எதிர்ப் புளோக்கிலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

உங்களுக்குப் பயம் வராது

எல்லாம் எடுத்துத் தொகுத்தும் முடித்துவிட்டீர்கள். படம் பயமாக இருக்கிறதா? உங்களைக் கேட்டுப் பயனில்லை. 40 முறை பார்த்த உங்கள் மூளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஊகிக்க ஒன்றுமில்லாத மூளை பயப்படாது.

ஆகவே ஓர் அறிவியல் சோதனை செய்யுங்கள். கதை தெரியாத மூன்று பேரைத் தனித்தனியாக அழையுங்கள். எதையும் விளக்காமல் படத்தைக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த விநாடியில் மூச்சை அடக்கினார்கள், எப்போது பார்வை திரையை விட்டு விலகியது, எங்கே சிரித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டே கேள்விகள்: "செருப்பை எப்போது கவனித்தாய்? அப்போது என்ன நினைத்தாய்?" பிறகு படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, வேறு மூவருக்குக் காட்டுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவதுபோலத்தான்.

குழுவுக்கு உண்மையான சோதனை இங்கேதான் வருகிறது. மின்தூக்கிக் கதவு திறக்கும் ஷாட்டுக்காக உங்கள் நண்பர் ஒரு மணி நேரம் தரையில் படுத்துக்கிடந்திருப்பார். அழகான ஷாட்தான். ஆனால் மூன்று பேரின் பார்வையும் சரியாக அங்கேதான் விலகியது. வெட்ட வேண்டும் என்று யார் சொல்வது? "உன் ஷாட் மோசம்" என்று சொன்னால் நட்பு முறியும். குறிப்பேட்டை நடுவில் வைத்து, "இந்த 18 விநாடிகளில் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அவரைப் பற்றியதாக இல்லாமல் படத்தைப் பற்றியதாகிவிடும்.

பெரிய இயக்குநர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 'சைக்கோ' (1960) படத்தின் புகழ்பெற்ற குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு ஓர் இசையை அமைத்தார். அதைக் காட்சியோடு சேர்த்துக் கேட்ட ஹிட்ச்காக் தம் முடிவை மாற்றிக்கொண்டார். இன்று அந்த இசை இல்லாமல் அக்காட்சியை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

அடுத்த குழுப்பணிக்கு முகமூடி வாங்கப் போகும் முன், நீங்கள் நால்வரும் ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: 'பார்ப்பவருக்குத் தெரிந்து, கதாபாத்திரத்துக்குத் தெரியாதது எது?' பதில் கிடைத்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி.

அதுவரை ஒரு சிறிய பயிற்சி. இன்று மாலை வீடு திரும்பும்போது, கதவைத் திறக்கும் முன் வாசலில் எத்தனை ஜோடி செருப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.