மூத்தோரும் மாற்றிசை விழாவும்

இசையின்பத்திற்கு வயது வரம்பு உண்டோ என்னும் வினா, காண்பதற்கு எளிதாயினும் ஆராய்வதற்கு உரியதேயாம். அரங்கினுள் அமர்ந்து கேட்கும் இசைக்கு நரையும் திரையும் தடையாகா. ஆண்டு முதுமை கேள்வி நிரம்பியதன் அடையாளமாகவே மதிக்கப்படும். ஆயின், வெட்டவெளியில் நின்றும் ஆடியும் கேட்டற்குரியதோர் இசையை இளமையில் விரும்பினோர், ஐம்பதைக் கடந்தபின் என் செய்வது? அதனை விட்டொழிப்பதோ, வீட்டில் இசைத்தட்டைக் கேட்டு அமைவதோ, அன்றி மீண்டும் அத்திரளினுட் புகுவதோ? கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஒருநாள் விழாவொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மாற்றிசை என்பது யாது? 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த 'பங்க்' இசைக் கிளர்ச்சியின் வழித்தோன்றலாய், பெருவணிகம் வகுத்த நெறியின் நீங்கித் தமக்கெனத் தனிநெறி கண்ட குழுவினரின் இசைக்கு இப்பெயர் வழங்குகின்றது. சிறு இசைத்தட்டு நிலையங்களும் கல்லூரி வானொலிகளும் இதனைப் பேணி வளர்த்தன. தென் கலிபோர்னியாவில் கே.ஆர்.ஓ.க்யூ. என்னும் வானொலி நிலையம் இதனைப் பெரிதும் பரப்பிற்று. அங்ஙனம் பெருகிய ஆர்வத்தின் அளவை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். 1988ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், டெபெஷ் மோட் என்னும் ஆங்கிலக் குழுவினர் பாஸடீனா நகரத்து ரோஸ் பௌல் விளையாட்டரங்கில், 60,000க்கு மேற்பட்டோர் திரண்டு கேட்பப் பாடினர். அஃது அவர்தம் சுற்றுப்பயணத்தின் 101ஆம் நிகழ்ச்சியாதலின், அதனைப் பதிவு செய்து 1989இல் வெளிவந்த இசைத்தட்டிற்கும் திரைப்படத்திற்கும் '101' என்பதே பெயராயிற்று.

அவ்வரங்கை அடுத்துள்ள புரூக்ஸைடு கோல்ப் வெளியிலேதான், 2022ஆம் ஆண்டு மே மாதம் 'குரூயல் வோர்ல்ட்' என்னும் ஒருநாள் விழா முதன்முறையாக நடைபெற்றது. விழைவோர் மிக்கமையால் மே 14, 15 ஆகிய இருநாளும் அதே நிரல் நிகழ்த்தப்பட்டது. பௌஹவுஸ், டீவோ, பிளாண்டி முதலிய பழங்குழுவினர் ஆண்டுப் பாடினர். 1988இல் பதினெட்டு வயதினராய் டெபெஷ் மோட்டைக் கேட்டோர் 2022இல் ஐம்பத்திரண்டு வயதினர் என்பதை நினைக. மேடையில் நின்றோருள் அவரினும் மூத்தோர் பலர். பிளாண்டி குழுவின் டெபி ஹாரி அப்பொழுது 76 வயதினர். பாடுவோர்க்கு இல்லாத நாணம் கேட்போர்க்கு மட்டும் எற்றுக்கு?

எனினும், உள்ளம் இளமையாயினும் உடல் தன் கணக்கை மறப்பதில்லை. முதற்கண் காக்கற்பாலது செவியேயாம். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் பிறப்பில் ஒவ்வொரு செவிக்கும் ஏறத்தாழ 15,000 உள்ளன; மனிதர்க்கு இவை அழியின் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெஸிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பர். அதற்குமேல் மூன்று டெஸிபல் ஏறுந்தோறும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். இக்கணக்கின்படி 100 டெஸிபல் ஒலிக்குரிய நேரம் பதினைந்து நிமிடமே. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த நெறியோ, இசைக்கூடங்களின் சராசரி ஒலி 100 டெஸிபலைக் கடத்தலாகாது என்கின்றது. ஆகவே, நெறி வழுவாத விழாவிலும் நண்பகல் முதல் நள்ளிரவு காறும் காப்பின்றி நிற்பது செவிக்குக் கேடேயாம். இசைக்கலைஞர் பயன்படுத்தும் செவியடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரு சீராகத் தணிக்குமாதலின், இசையின் நயம் கெடாமல் செவி காக்கப்படும். ஒலிபெருக்கியினின்று விலகி நிற்றலும், இடையிடையே அமைதியான இடம் நாடுதலும் நன்று.

இரண்டாவது, தெரிவு. இத்தகைய விழாக்களில் பல மேடைகளில் ஒரே வேளையில் பாட்டு நிகழுமாதலின், யாவற்றையும் கேட்டல் இயலாது. இளைஞர் எல்லாவற்றிற்கும் ஓடுவர். நாமோ நான்கைந்தைத் தெரிந்து, எஞ்சிய நேரத்தில் நிழலிலமர்ந்து நீரருந்தி இளைப்பாறுதல் தகும். கால்கட்கு இசைந்த பழைய பாதரக்ஷையும் வெயிற்குத் தொப்பியும் புதிய ஆடம்பர உடையினும் பயன் மிக்கன.

மூன்றாவது, எதிர்பாராதவற்றிற்கு இடம் வைத்தல். 2023ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நிகழ்ந்த அவ்விழாவில், இரவு மின்னல் தோன்றவே, திரண்டோர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். இடியோசை செவிப்படும் தொலைவில் மின்னல் தாக்கவும் கூடும். இறுதி இடிக்குப்பின் அரைமணி நேரம் வெளியிற் செல்லாதிருத்தலே முறை. 2013க்குப் பின் பத்தாண்டு மேடையேறாதிருந்து அவ்வாண்டே மீண்ட ஸூஸி ஸூவின் பாட்டுக்கெனக் காத்திருந்தோர் அன்று கேளாமலே திரும்பினர். மறுநாள் அவரும், 76 வயதினரான இக்கி பாப்பும் அவ்விடத்தே பாடினர். அன்றிரவே ஊர் திரும்பத் திட்டமிட்டோர் அதனை இழந்திருப்பர். ஆதலின் ஒருநாள் விழாவிற்கு இருநாள் ஒதுக்கிச் செல்லுதல் அறிவுடைமையாம்.

இத்துணை இடர்ப்பட்டுச் செல்வதன் பயன் யாதெனின் கூறுதும். மனிதர் தம் வாழ்வை நினைவு கூருங்கால், பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாகத் தோன்றும் என்பது உளநூலார் கண்ட உண்மை. அக்காலத்துக் கேட்ட பாடல் ஆழப் பதிதல் இதனாலேயே. ஆயின், இசைத்தட்டில் அக்குரல் என்றும் இருபத்தைந்து வயதினதாகவே நிற்கின்றது. கேட்கும் நாமே முதிர்கின்றோம். இறந்தோரும் பிரிந்தோரும் பலராய பின்னர், அத்தட்டு நம்மைத் தனியே பின்னோக்கி அழைக்கின்றது. மேடையிலோ, பாடுவோர் குரலும் தாழ்ந்திருக்கும். முன்பு எட்டிய உச்ச ஸ்தாயியை இன்று கூட்டமே சேர்ந்து பாடி நிரப்பும். அங்கே நாம் இழந்த இளமையைத் தேடுகின்றோமல்லேம். நம்மோடு உடன் முதிர்ந்ததொன்றைக் கண்டு, இன்னும் உளோம் என்று ஒருவர்க்கொருவர் அறிவிக்கின்றோம். அருகே நிற்கும் இளைஞரும், முதுமை என்பது வேட்கை அவிந்த நிலையன்று என்பதை ஆண்டுக் கற்பர். செவியைக் காத்து, உடலின் அளவறிந்து செல்வோர்க்கு இப்பயன் எளிதிற் கைகூடும் என்பது எமது துணிபு.